சீன ஜேட் வேலைப்பாடு: மிங், சிங் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகச் சீன ஜேட் பொருட்களைப் பற்றிப் படம் காட்டிப் பேசி வருகிறேன். எங்கே பேசினாலும், முடிந்ததும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. ஜேட்டுன்னா மரகதம்தானே? ரெண்டும் பச்சைக் கல்தானே?

இல்லை. பச்சையாக எந்தக் கல்லைப் பார்த்தாலும் மரகதம் என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மரகதம் பெரில் என்ற கனிமம். கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும், அதனால் பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கிறார்கள். ஜேட் வேறு இனம். ஒளி அதற்குள் கொஞ்ச தூரம் போய் அங்கேயே பரவி நிற்கும். அதைப் பட்டை தீட்டுவதில்லை, வழவழப்பாகத் தேய்ப்பார்கள்.

சீனர்கள் இதை ‘யூ’ என்கிறார்கள். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு கனிமங்கள் இருக்கின்றன: நெஃப்ரைட், ஜேடைட். இரண்டும் வேறு வேறு என்பதை 1863-ல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் தமூர் பிரித்துக் காட்டினார். சீனாவின் பழைய ஜேட் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி நெஃப்ரைட்தான்.

2. அப்ப வெள்ளையா இருக்கிறது போலியா?

நேர்மாறு. சீனர்கள் மிக உயர்வாக மதித்ததே வெள்ளை நெஃப்ரைட்டைத்தான். அதிலும் சிறந்ததற்கு ‘ஆட்டுக்கொழுப்பு ஜேட்’ என்று பெயர். மார்கழிக் குளிரில் உறைந்துபோன தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைதான், ஆனால் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. உள்ளே ஒரு மென்மை, மேலே ஓர் எண்ணெய்ப் பளபளப்பு. அப்படித்தான் இருக்கும். நெஃப்ரைட்டில் சாம்பல், மஞ்சள், கறுப்பு, கீரைப் பச்சை எல்லாமே உண்டு. நாம் நகைக்கடையில் பார்க்கும் அந்தப் பளீர்ப் பச்சை ஜேடைட்டுடையது. அது சீனாவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. 12-ம் கேள்வியில் சொல்கிறேன்.

3. நீங்க சொல்ற காலம் எது? ஜேட் அங்க ரொம்பப் பழசு இல்லையா?

ரொம்பப் பழசுதான். உலோகம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, ஐயாயிரம் வருடங்களுக்கு முன், கிழக்குச் சீனாவில் வாழ்ந்த லியாங்சூ மக்கள் ஜேட்டில் வட்டத்தட்டுகள் செய்து இறந்தவர்களோடு புதைத்தார்கள். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது கடைசி இரண்டு பேரரசுகளைப் பற்றி: மிங் (1368–1644), சிங் (1644–1912). இந்தக் காலத்தில் ஜேட் சடங்கிலிருந்து பெரும்பாலும் விலகி வீட்டுக்குள் வந்துவிட்டது. கோப்பை, இடைவார்ப் பட்டை, கொண்டை ஊசி, தூரிகை கழுவும் கிண்ணம், மேசையில் வைக்கும் சின்ன மலை என்று பலவாக மாறியது.

4. உளியும் சுத்தியலும் வச்சுத்தானே செதுக்கியிருப்பாங்க?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பதில் தெரிந்துவிட்டால் மற்றவை பாதி புரிந்த மாதிரி. ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. எஃகுக் கத்தியின் கடினம் மோஸ் அளவில் ஏறக்குறைய 5.5. நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரை, ஜேடைட் 6.5 முதல் 7 வரை. அதைவிட முக்கியம், நெஃப்ரைட்டின் உள்ளே நுண்ணிய இழைகள் தேங்காய் நார் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் சுத்தியலால் அடித்தாலும் லேசில் பிளக்காது.

அப்புறம் எப்படி? மணல். குவார்ட்ஸ், கார்னெட், குருந்தம் போன்ற கடினமான கற்களை இடித்துச் சலித்த பொடியைத் தண்ணீரில் குழைத்து, அதை ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பில் விட்டுச் சுழற்றுவார்கள். கல்லை அறுப்பது மணல். இரும்பு அந்த மணலைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். (குருந்தம் நம் சொல். ஆங்கிலத்தில் இன்று அந்தக் கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் தமிழிலிருந்து போனது.) ஆகவே ஜேட் வேலை என்பது செதுக்குவது இல்லை, தேய்ப்பது. தமிழில் வேறு வழியில்லாமல் நானும் அங்கங்கே ‘செதுக்கினார்’ என்று எழுதுவேன். தேய்த்தார் என்றே படித்துக்கொள்ளுங்கள்.

5. தேய்க்கிறதுன்னா எப்படி? நம்ம ஊர் சாணை பிடிக்கிற மாதிரியா?

கிட்டத்தட்ட. ஆனால் சாணைச் சக்கரம் ஒரே பக்கமாகச் சுழலும், இது அப்படிச் சுழலாது. பெஞ்சு மாதிரி ஒரு மேசை. அதில் கிடைமட்டமாக ஓர் அச்சு, அச்சின் நுனியில் இரும்பு வட்டு. அச்சில் தோல்வாரைச் சுற்றி அதன் இரண்டு முனைகளையும் கீழே இரண்டு மிதிகட்டைகளில் கட்டியிருப்பார்கள். இடது காலை அழுத்தினால் ஒரு பக்கம், வலது காலை அழுத்தினால் மறுபக்கம். கயிற்றை இழுத்து மத்தால் தயிர் கடைவது போலத்தான் அந்த வட்டு போய்ப்போய் வரும். ஒரு கை கல்லை வட்டின் அடியில் பிடித்திருக்கும், இன்னொரு கை ஈர மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருக்கும்.

பெரிய பாறையை அறுக்க வில்லில் கட்டிய கம்பியை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுப்பார்கள். மேலே தொங்கும் பானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தின் உள்ளே குடைவதற்குக் குழாய்த் துரப்பணம். வட்டமாகத் துளை போட்டால் நடுவில் ஒரு தண்டு நிற்கும், அதைத் தட்டி ஒடித்துவிட்டு மிச்சத்தைத் தேய்ப்பார்கள். கடைசியில் மரம், சுரைக்குடுக்கைத் தோல், மாட்டுத்தோல் என்று வரிசையாக மெருகு. 1891-ல் லி செங்யுவான் என்ற ஓவியர் இந்த வேலைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து வைத்தார். அமெரிக்கச் சேகரிப்பாளர் ஹீபர் பிஷப்பின் ஜேட் தொகுப்பை விவரிக்கும் நூலுக்காக வரைந்தவை அவை. அந்தத் தொகுப்பு இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது கால்களுக்குத்தான். கையளவுக்குக் காலும் உழைத்த தொழில் இது.

6. கல் எங்கேருந்து வந்துச்சு?

சீனாவின் மேற்குக் கோடியில், குன்லுன் மலையடிவாரத்தில் இருக்கும் கோத்தானிலிருந்து. அங்கே இரண்டு ஆறுகள்: யுருங்காஷ், அதாவது வெள்ளை ஜேட் ஆறு, காராகாஷ், அதாவது கறுப்பு ஜேட் ஆறு. பனி உருகி வரும் வெள்ளம் மலையிலிருந்து கற்களை உருட்டிக்கொண்டு வரும், வெள்ளம் வடிந்ததும் ஆற்றுப்படுகையில் பொறுக்குவார்கள். ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். பலவீனமான பகுதி வழியிலேயே உடைந்து போயிருக்கும், வந்து சேர்ந்தது உறுதியானது.

மிங் காலத்தில் இந்தக் கல் வணிகர்கள் கைமாறித்தான் பெய்ஜிங் வந்தது. 1759-ல் சிங் படைகள் இப்போதைய சிஞ்சியாங்கின் தென்பகுதியைப் பிடித்தபின் நிலைமை தலைகீழானது. கோத்தானிலும் யார்க்கண்டிலும் இருந்து அரண்மனைக்கு ஆண்டுதோறும் ஜேட் காணிக்கை வரத் தொடங்கியது. ஆற்றங்கரையில் காவல் போட்டார்கள். தனியார் எடுப்பது குற்றம். யார்க்கண்டில் அதிகாரியாக இருந்த காவ் பூ, உள்ளூர் மக்களை மலைக்கு அனுப்பிக் கல் வெட்ட வைத்து, அதைத் திருட்டுத்தனமாகச் சூசோ நகரத்தில் விற்றார். 1778-ல் அகப்பட்டார். அப்போது ஆண்ட சியென்லோங் மன்னரின் மறைந்த மனைவியருள் ஒருவருக்கு நெருங்கிய உறவினர் என்பதுகூட அவரைக் காப்பாற்றவில்லை. மரண தண்டனை.

7. நிலா வெளிச்சத்துல பெண்கள் ஆத்துல இறங்கி எடுப்பாங்கன்னு படிச்சேன். நிஜமா?

1637-ல் சோங் யிங்சிங் எழுதிய தொழில்நுட்ப நூலில் அந்தச் செய்தி படத்தோடு இருக்கிறது. ஜேட் நிலவொளியின் சாரம், அதைப் பெண்மை ஈர்க்கும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. அவர் தொழில் விவரங்களைக் கவனமாக எழுதியவர்தான். ஆனால் இந்த இடத்தில் தூரத்து ஊர்க் கதையைக் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். 6-ல் சொன்ன வெள்ளமும் படுகையும்தான் அன்றாட நடைமுறை.

8. சூசோ, சூசோன்னு ஏன் எல்லாரும் சொல்றாங்க? அரண்மனை பெய்ஜிங்லதானே?

அதே சோங் யிங்சிங் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்: நல்ல கல் தலைநகரில் சேர்ந்தாலும், நல்ல கைக்குச் சூசோதான். பட்டு, மரவேலை, தோட்டம், ஓவியம் எல்லாமே செழித்த ஊர். பணமும் ரசனையும் உள்ள வாடிக்கையாளர்கள் தெருவிலேயே இருந்தார்கள். அங்கே சுவான்சூ சந்து முழுக்க ஜேட் பட்டறைகள். சிங் அரண்மனைப் பட்டறைக்கும் ஆட்கள் சூசோவிலிருந்துதான் வரவழைக்கப்பட்டார்கள்.

சூசோக்காரர்களில் லூ சிகாங் என்ற பெயர் மட்டும் தனித்து நிற்கிறது. 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தொழிலாளிகள் பெயர் எங்குமே பதியாத காலத்தில் தன் வேலையில் தன் பெயரைப் பொறித்தார். மன்னருக்குச் செய்த பொருளில் டிராகனின் தலையில் பெயரைப் போட்டதால் தலை போனது என்று ஒரு கதை சொல்வார்கள், அது கதைதான். அவர் பெயர் தாங்கிய ஜேட்டுகள் இன்று ஒரு மனிதர் வாழ்நாளில் செய்யக்கூடியதைவிட மிக அதிகம். பெயரே முத்திரையாகிவிட்டது, பின்னால் வந்தவர்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

9. மிங் வேலைக்கும் சிங் வேலைக்கும் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியுமா?

பார்த்துப் பழகினால் ஓரளவு தெரியும். சீனச் சேகரிப்பாளர்கள் மிங் வேலையைப் பற்றி ‘முரட்டுப் பெரிய மிங்’ என்பார்கள். கனமான உடல், தைரியமான வளைவு. அடிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் முழுசாக மெருகேற்றாமல் விட்டிருப்பார்கள். துரப்பணத் தடம் அப்படியே தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை, செய்தவரின் கை தெரிகிறது. மிங் காலத்தில் ஜேட் இடைவாரை முதல்நிலை அதிகாரிகளே அணியலாம் என்று விதி இருந்தது. ஒரு வாருக்கு வழக்கமாக 20 பட்டைகள். 1956–58-ல் அகழ்ந்த வான்லி மன்னரின் கல்லறையில் தங்க மூடியும் தங்கத் தட்டும் கொண்ட ஒரு ஜேட் கிண்ணம் கிடைத்தது. கிண்ணத்தில் ஓர் அலங்காரமும் இல்லை, வேலையெல்லாம் தங்கத்தில்தான்.

சிங் வேலை, அதிலும் 18-ம் நூற்றாண்டுடையது, மூலை முடுக்கெல்லாம் ஒரே மெருகு. உள்ளே விரல் போகாத இடத்தில்கூடக் கோடு தெரியாது. இந்த விதியை மட்டும் நம்பி விலை கொடுத்து வாங்கிவிடாதீர்கள். முரட்டு வேலையை எந்தக் காலத்திலும் செய்யலாம்.

10. சியென்லோங் மன்னரைப் பத்திப் பேசாம ஜேட் பத்திப் பேச முடியாதா?

முடியாது. 1735-ல் அரியணை ஏறி அறுபது வருடம் ஆண்டவர். ஜேட் பற்றி மட்டும் சுமார் 800 கவிதைகள் எழுதியிருக்கிறார். அரண்மனைப் பட்டறைக் குறிப்பேடுகளைப் பார்த்தால் அவர் எந்தக் கல்லை எந்தப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார், முதலில் மெழுகு மாதிரியைக் காட்டு என்றார், கைப்பிடியை மாற்று என்றார் என்பதெல்லாம் வரி வரியாக இருக்கிறது. சந்தையில் பரவிய அளவுக்கு மீறிய நுணுக்க வேலையைப் பார்த்து அவர் கோபப்பட்டதும் உண்டு. கல்லில் பாதியைத் துளைத்துக் குடைந்து வீணாக்குகிறார்கள் என்று அதை ‘ஜேட்டின் கேடு’ என்றார்.

அவர் ஆசைக்கு எல்லை தெரியும் இடம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிற ‘மகா யூ வெள்ளத்தை அடக்குதல்’ என்ற ஜேட் மலை. (இந்த யூ சீனப் பழங்கதையில் வரும் ஒரு மன்னர், 1-ல் சொன்ன கல்லின் பெயர் இல்லை.) உயரம் 224 சென்டிமீட்டர், எடை 5 டன்னுக்கு மேல். யார்க்கண்ட் பக்கத்து மலையிலிருந்து பாறையைப் பெய்ஜிங் கொண்டுவரவே மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அங்கே மெழுகு மாதிரி செய்தார்கள். தேய்க்கும் வேலை தெற்கே யாங்சோ நகரத்தில், அந்த வெயிலில் மெழுகு உருகிவிடும் என்று பயந்து அதை மரத்திலும் செய்தார்கள். யாங்சோவில் 1781-ல் தொடங்கிய வேலை 1787-ல் முடிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் மலையெங்கும் குட்டிக் குட்டி மனிதர்கள் சுத்தியலும் உளியும் பிடித்துப் பாறையை உடைத்து வெள்ளத்துக்கு வழி வெட்டுகிறார்கள். அந்த உளிகளைத் தேய்த்து எடுத்தவர்கள் கையில் உளி இல்லை. மணலும் தண்ணீரும் இரும்பு வட்டும் மட்டும். அந்த இடத்தில் என்னால் சீக்கிரம் நகர முடியாது.

11. அதுதான் உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதா?

இல்லை. அதே அருங்காட்சியகத்தில் 25 சென்டிமீட்டர் அகலமும் 15.5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சின்னப் பொருள். ஒரு வெள்ளைக் கல்லின் நடுவிலிருந்து வட்டமாக ஒரு கிண்ணத்துக்கான துண்டை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது நடுவே ஓட்டை விழுந்த, ஓரத்தில் பழுப்புத் தோல் ஒட்டிய கழிவு. அது ஒரு சூசோக்காரர் கைக்குப் போனது. அவர் அந்த ஓட்டையை நிலா வடிவத் தோட்ட வாசலாக்கினார். வாசலுக்கு லேசாகத் திறந்த இரண்டு கதவுகள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். இடுக்கு வழியாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பழுப்புத் தோல் மரமும் பாறையும் வாழையிலையும் ஆனது. பின்னால் விளக்கு இருந்தால் அந்த இடுக்கில் ஒரு கீற்று ஒளி விழும்.

1773-ல் மன்னர் அதன் அடியில் எழுதிவைத்தார்: கோத்தான் கல், நடுவில் கிண்ணம் எடுத்தது, மிச்சத்தில் சூசோத் தொழிலாளி செய்தது இது என்று. தொழிலாளியின் பெயரை எழுதவில்லை. ஐந்து டன் மலையை மன்னர் நினைத்தார், நடந்தது. இந்த வாசலை நினைத்தவர் அந்தத் தொழிலாளிதான். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

12. தைபேல இருக்கிற அந்த முட்டைக்கோஸ்?

தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் கூட்டம் நிற்பது முட்டைக்கோஸ் வடிவில் தேய்த்த அந்தக் கல்லின் முன்தான். 18.7 சென்டிமீட்டர் உயரம், வெள்ளைத் தண்டு, பச்சை இலை, இலை நுனியில் இரண்டு பூச்சிகள். இது 4-ல் சொன்ன ஜேடைட். வடக்கு பர்மாவிலிருந்து யுன்னான் வழியாக 18-ம் நூற்றாண்டிலிருந்துதான் பெருமளவில் வரத் தொடங்கியது. சீனத்தில் இதற்கு மீன்கொத்திப் பறவையின் பெயர். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சிசி பேரரசியின் விருப்பத்தால் அரண்மனையில் இதன் மவுசு ஏறியது.

அந்தக் கல் பாதி வெள்ளை, பாதி பச்சை, அங்கங்கே விரிசல். வளையலுக்கும் குடுவைக்கும் ஆகாது. விரிசல்களை இலை நரம்பாக மாற்றியவர் 11-ல் சொன்னவரின் வழியில் வந்தவர்தான். அதே அருங்காட்சியகத்தில் இறைச்சி மாதிரியே இருக்கும் ‘கறித்துண்டு’ ஜேட் இல்லை, ஜாஸ்பர் என்ற வேறு கல்.

13. இந்தியாவுக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, முகலாயர் வழியாக. அவர்களும் கோத்தான் பக்கத்துக் கல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ஷாஜகானுக்காக 1657-ல் செய்த வெள்ளை ஜேட் மதுக்கிண்ணம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு முனையில் ஆட்டுத்தலை, அடியில் விரிந்த பூ. இப்படிப்பட்ட கிண்ணங்கள் 1759-க்குப் பிறகு சியென்லோங் கைக்குப் போனபோது அவர் வியந்துபோனார். காகிதம் போல மெலிசு, தடவினால் பூவின் கோடு கையில் தட்டவில்லை. இந்துஸ்தான் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்து 1768-ல் கட்டுரையே எழுதினார். பிறகு தன் பட்டறையிலும் அந்தப் பாணியில் செய்ய வைத்தார்.

14. மன்னரோட கவிதையோ முத்திரையோ இருந்தா அசல்னு நம்பலாமா?

நம்ப முடியாது. இரண்டு காரணம். ஒன்று, சியென்லோங் தன் கவிதைகளைத் தனக்கு முன் இருந்த பொருட்களின்மேலும் பொறிக்க வைத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மூவாயிரம் வருடத்துக்கும் மேல் பழைய ஒரு வட்டத்தட்டு இருக்கிறது. அவர் அதைக் கிண்ணம் வைக்கும் அடித்தட்டு என்று நினைத்தார். கிண்ணம் தொலைந்துபோனதே என்று வருந்தி, பழைய பீங்கான் கிண்ணம் ஒன்றை ஜோடி சேர்த்து, 1790-ல் தட்டின்மேல் கவிதையும் பொறிக்க வைத்தார். எழுத்து அசல், கருத்து தவறு, கல் அதைவிட மிகப் பழசு. ஆகவே எழுத்தின் காலம் பொருளின் காலம் ஆகாது.

இரண்டாவது, ‘பழசு மாதிரி’ செய்வது அந்தக் காலத்திலேயே ஒரு கலை. மன்னரிடம் யாவ் சோங்ரென் என்ற ஜேட் தொழிலாளி இருந்தார். மிகப் பழையது என்று மன்னர் நினைத்த ஒரு கோப்பையை அவரிடம் காட்டியபோது, இது என் தாத்தா செய்தது, சாயம் ஏற்றியது என்று சொல்லிவிட்டார். எப்படிச் சாயம் ஏற்றுவது என்றும் விளக்கினார். மன்னர் கோபப்படாமல் அந்த உரையாடலை எழுதிவைத்தார். பேரரசனையே ஏமாற்றிய கோப்பை என்றால் நம் கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டாம்.

15. அந்த வேலை எப்ப நின்னுபோச்சு?

ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் 1799-ல் சியென்லோங் இறந்ததும் மகன் ஜியாச்சிங் ஓர் உத்தரவு போட்டார்: யார்க்கண்டிலிருந்து இழுத்து வந்துகொண்டிருந்த பெரும் பாறைகளை எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டுவிடுங்கள். பாலைவனத்தில் அதை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். அதன்பின் அரண்மனைப் பட்டறை சுருங்கியது, வேலை மெல்ல வெளிச்சந்தைக்குப் போனது.

16. சிங்கப்பூர்ல ஒரு ஜேட் வளையல் வாங்கினேன். கத்தியால கீறிப் பார்த்தா தெரிஞ்சிடுமா?

கீறாதீர்கள். 4-ல் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் கத்தி பட்டும் கோடு விழாது என்பது உண்மைதான். ஆனால் குவார்ட்ஸிலும் விழாது. ‘இந்திய ஜேட்’ என்று விற்கும் அவென்சுரின் குவார்ட்ஸ்தான், ஜேட்டே இல்லை. கோடு விழுந்தால் மாவுக்கல்லோ சர்ப்பென்டைனோ என்று தெரியும், ஆனால் வளையல் கெட்டிருக்கும். என் உறவுக்காரப் பெண் ஒருவர் இப்படித்தான் சோதித்து, வளையலில் கோடும் மனதில் வருத்தமுமாக வந்து நின்றார்.

ஜேடைட்டை வணிகர்கள் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். ஏ என்றால் இயற்கை நிறம், மேலே மெழுகு மட்டும். பி என்றால் அமிலத்தில் ஊறவைத்துப் பிசின் ஏற்றியது. சி என்றால் சாயம். ரத்தினக்கல் ஆய்வகச் சான்றிதழ் இருந்தால் அதில் இது இருக்கும். இல்லையென்றால் பத்து மடங்கு உருப்பெருக்கியை எடுத்து, வளையலை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாயம் ஏற்றிய கல்லில் பச்சை நிறம் கல்லின் நுண்ணிய படிகங்களுக்குள் இருக்காது. நுண்ணிய விரிசல்களின் வழியே சிலந்தி வலை மாதிரி ஓடித் தேங்கி நிற்கும்.